வரி ஒன்று, புலம் எட்டு

எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு அக்கா எட்டுத் துண்டு நிலத்தை அரசாங்கத்துக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறார் என்று நான் ஒரு முழு முற்பகல் நம்பினேன். அதற்கு வரி போடப் போகிறார்கள் என்றும் நம்பினேன். ஒளித்ததற்கு உடந்தை என்று என்னையும் பிடிக்க வருவார்கள் என்று நம்பி, பட்டப்பகலில் வீட்டுப் படலையைச் சாத்திக் கொளுவியும் விட்டேன். எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஊரில் பகிடிக்காரன் என்று பெயர். மற்றவர்களின் பயத்தைப் பார்த்துச் சிரித்தே பாதி ஆயுளை ஓட்டியவன்.

என்னை நம்ப வைத்தது ஒரு புதன்கிழமை காலை கணினித் திரையில் சிவப்பு எழுத்தில் வந்த ஓர் அறிவித்தல்:

"வரி 1: எதிர்பார்த்த புலங்கள் 5. உள்ள புலங்கள் 8. தொடரியல் வழு. கோப்பு நிராகரிக்கப்பட்டது."

புலம் என்றால் விளைநிலம் என்று மட்டும் தெரிந்த கமக்காரன் ஒருவன் இதை வாசித்தால் என்ன விளங்கும்? ஐந்து புலம் இருக்குமென்று பார்த்தோம், எட்டு இருக்கிறது, பிடிபட்டாய் என்று விளங்கும். அதுவும் எல்லோரும் வரி இலக்கம் எடுக்க வேண்டும் என்று வானொலியும் பத்திரிகையும் வெருட்டிக்கொண்டிருந்த காலம். சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்கிற கிழவர்கள்கூட வரியைப் பற்றித்தான் கதைத்தார்கள். மேலே சுற்றுகிற ஏதோ ஒன்று எங்கள் தோட்டங்களைப் படம் பிடித்துவிட்டது என்று முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். தென்னையில் இருந்த காகம் ஒன்றுதான் என்னைப் பார்த்தது.

நான் எங்கள் ஊர்க் கமக்காரர் சங்கத்தின் செயலாளர். ஒரு கூட்டத்தில் சத்தமாகப் பகிடி விட்டதற்குத் தண்டனையாகக் கிடைத்த பதவி அது. ஒவ்வொரு வருடமும் மானிய விலையில் விதை உருளைக்கிழங்கு தருவார்கள். முன்பெல்லாம் பெயர்களைக் கடதாசியில் எழுதிக் கொடுத்தால் போதும். அந்த வருடம் இணையத்தளத்தில் ஏற்ற வேண்டும், வெள்ளிக்கிழமை பின்னேரத்தோடு கதவு பூட்டு என்றார்கள். அறிவுறுத்தல் எளிமையாகத்தான் இருந்தது. ஒரு கமக்காரருக்கு ஒரு நிரை. அதில் ஐந்து விபரம்: பெயர், அடையாள அட்டை இலக்கம், பிரிவு இலக்கம், நிலத்தின் அளவு, தொலைபேசி. ஒரு விபரத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் அரைப்புள்ளி. அவ்வளவுதான்.

கவனித்தீர்களா? அறிவுறுத்தலில் நிரை, விபரம். பிழை என்று வந்தபோது வரி, புலம். ஒரே வீட்டுக்குள் இரண்டு பாஷை. இதை எழுதியவர்கள் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லை என்று நினைக்கிறேன். சந்தித்திருந்தால் தங்களுக்குள் அடிபட்டிருப்பார்கள்.

முதலாவது நிரையில் அக்காவின் பெயரைப் போட்டிருந்தேன். அவர்தான் முதலில் விபரம் கொண்டுவந்து தந்தவர். இருபது வருடமாக மற்றவர்களின் தோட்டத்தில் கூலிக்கு வெங்காயம் நட்டவர், அந்த வருடம்தான் முதன்முதலாகத் தன் பெயரில் நாலு பரப்பு நிலம் குத்தகைக்கு எடுத்திருந்தார். கொத்தி, எருப் போட்டு, வரம்பு கட்டி, நிலம் கிழங்குக்காக வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. மழை ஓய்ந்த ஈரத்தோடு நட்டால்தான் கிழங்கு. பிந்தினால் பங்குனி வெயிலுக்குள் மாட்டிக் கருகும். அக்காவின் கிழங்கு அந்தக் கோப்புக்குள் இருந்தது. அந்தக் கோப்பு என் கையில் இருந்தது.

சங்கத் தலைவரிடம் ஓடினேன். அவர் மாட்டுக் கொட்டிலுக்குள் நின்றார்.

"அண்ணை, கடைசி வீட்டு அக்காவுக்கு எட்டுப் புலம் இருக்காம்."

"ஆர் சொன்னது?"

"கவுண்மேந்து."

"எந்தக் கவுண்மேந்து?"

"கொம்பியூட்டருக்குள்ளை இருக்கிற கவுண்மேந்து."

தலைவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து திரையைப் பார்த்தார். இரண்டு தரம் வாசித்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"உதுகளை நம்பேலாது பார். வாயைத் திறக்காமல் இருந்து எட்டுப் புலம் வாங்கியிருக்கிறாள். பேரை வெட்டு. ஒருத்திக்காக ஊர்க் கிழங்கு முழுக்கப் போகேலாது."

வெட்டினேன். இப்போது முதலாவது நிரைக்கு வந்தவர் தலைவர். மறுபடி ஏற்றினேன்.

"வரி 1: எதிர்பார்த்த புலங்கள் 5. உள்ள புலங்கள் 9."

தலைவரின் முகம் வெளுத்தது. அவ்வளவு வெளுப்பை நான் அவரது வேட்டியில்கூடக் கண்டதில்லை.

"அது மச்சானின்ரை பேரிலை எல்லோ கிடக்கு! ஆரடாப்பா காட்டிக் குடுத்தது?"

"எது அண்ணை?"

"ஒண்டுமில்லை. நீ ஒண்டும் கேக்கேல்லை, நான் ஒண்டும் சொல்லேல்லை. என்ரை பேரையும் வெட்டு!"

அதையும் வெட்டினேன். அடுத்தவருக்கு ஏழு. அவருக்கு அடுத்தவருக்கு எட்டு. அவருக்குச் சொந்தமென்று இருப்பது வீட்டுக் கோடியில் மரவள்ளி நட்ட அரைப் பரப்பு. அப்போதாவது எனக்கு மூளை வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஊர் முழுக்கக் கள்ளர், நான் ஒருவன்தான் யோக்கியன் என்று ஒரு பெருமைதான் வந்தது. அந்தப் பெருமையோடு வீட்டுக்கு வந்து படலையைக் கொளுவினேன்.

சிறிது நேரத்தில் படலை தடதடவென்று ஆடியது. அக்கா.

"என்ன, பகல்லை படலையைக் கொளுவி வைச்சிருக்கிறாய், பொம்பிளை பாக்க வருகினமோ?"

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்கு எட்டுப் புலம் இருக்கோ?"

"ஓம், இருக்கு. ஒண்டு சந்திரனிலை. விசரா, எட்டுப் புலம் இருந்தால் நான் ஏன் உன்ரை படலையிலை வந்து நிக்கிறன்? நீ எல்லோ என்ரை படலையிலை நிப்பாய்."

பெயரை வெட்டிவிட்டேன் என்று சொன்னேன். அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"திருப்பிப் போடு," என்றார். "போடுறவரைக்கும் நான் இதிலைதான் இருப்பன்." கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் இருந்துவிட்டார்.

அவரது பெயரைக் கோப்பின் கடைசியில் தட்டிவிட்டு, உதவி இலக்கம் என்று தளத்தில் போட்டிருந்த இலக்கத்துக்கு எடுத்தேன். ஓர் இளம் பெண்ணின் குரல்.

"மிஸ், எங்கடை ஆக்களுக்கு எவ்வளவு வரி போடப் போறியள்?"

"என்ன வரி ஐயா?"

"வரி ஒண்டு எண்டு போட்டிருக்கே."

மறுபக்கம் கையால் வாயைப் பொத்துகிற சத்தம் கேட்டது. "ஐயா, வரி எண்டால் லைன். முதலாவது லைன். புலம் எண்டால் அந்த லைனுக்குள்ளை இருக்கிற விபரம்."

"அப்ப வழு?"

"வழு எண்டால் பிழை."

"என்ன பிழை?"

"தொடரியல் பிழை."

"தொடரியல் எண்டால் என்ன மிஸ்?"

"அது வந்து… அந்த வழு ஐயா."

பின்னால் அக்கா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. திரையில் இருந்ததை முழுக்க வாசித்துக் காட்டினேன்.

"அரைப்புள்ளி கூடிப்போச்சு ஐயா," என்றது குரல். "எட்டுப் புலம் எண்டால் ஏழு அரைப்புள்ளி இருக்கு. நாலுதான் இருக்கலாம்."

"நான் நாலுதான் போட்டனான். மிச்சம் மூண்டும் எங்கை இருக்கு?"

"அதைச் சிஸ்டம் சொல்லாது. எந்த வரி எண்டு மட்டும்தான் சொல்லும்."

"ஏன் சொல்லாது?"

"அப்பிடித்தான் செய்திருக்கினம் ஐயா."

முதலில் வந்தது நிம்மதி. வரி இல்லை, விலங்கு இல்லை, சிறை இல்லை. அந்த நிம்மதி ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம்கூட நிற்கவில்லை. பின்னாலேயே கோபம் வந்தது, இன்றுவரை அது போகவில்லை. பாருங்கள், ஏழு அரைப்புள்ளி என்று எண்ணியிருக்கிறது அந்தத் தளம். எண்ண வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் தொட்டிருக்க வேண்டும். தொட்ட இடம் அதற்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொல்லாமல் இருக்கிறது. பல்லுக் கொதியென்று போனவனிடம், "உங்கள் வாயில் பிழை, போய்த் திருத்திக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லிக் கதவைச் சாத்துகிற வைத்தியரை நீங்கள் கண்டிருக்கிறீர்களா? நான் கண்டுவிட்டேன். அதுவும் ஒரு பல்லை மட்டும்தான் பார்ப்பார். அதைத் திருத்திக்கொண்டு போனால், ஆ, அடுத்த பல்லும் பிழை என்பார். எங்கள் கோப்பில் சங்கத்து ஆட்கள் எல்லோரும் பிழை. அதை ஒரேயடியாகச் சொல்லியிருந்தால், ஒருவர்கூடக் கள்ளர் இல்லை, கோளாறு வேறு எங்கோ என்று எனக்கே விளங்கியிருக்கும். ஒவ்வொருவராகச் சொன்னபடியால்தான் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டேன்.

தலைவருக்கு எடுத்து வரி இல்லை என்று சொன்னேன். உடனே அவருக்குக் குரல் திரும்பியது. "அப்ப என்ரை பேரை முதலாவதாய்ப் போடு. தலைவர் எல்லோ." போட்டேன். வெட்டிய மற்றவர்களையும் அவருக்குக் கீழே திருப்பிப் போட்டேன். அதன் பிறகு கால் மணித்தியாலத்துக்கு ஒருதரம் எடுத்து, "என்னடாப்பா, முடிஞ்சுதோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் திரையில் விரலை வைத்து எண்ணினேன். ஒவ்வொரு நிரையிலும் நாலு அரைப்புள்ளி. அக்காவும் எழும்பி வந்து எண்ணினார். நாலு. குரல் சொன்ன மிச்சப் புள்ளிகள் எங்கள் இருவரின் கண்ணுக்கும் தெரியவில்லை.

இங்கே என் தட்டச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இளந்தாரியாக இருந்தபோது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஓர் அச்சகத்தில் கலியாண அழைப்பிதழும், இறந்தவர் நினைவாக அடிக்கிற அந்தியேட்டி மலரும் தட்டினவன். அங்கே பழகியது பாமினி எழுத்து. அந்த முறையில் தமிழ் எழுத்துகள் ஆங்கில விசைகளின் மேல் முகமூடி போட்டுக்கொண்டு இருக்கும். நீங்கள் தட்டுவது ஆங்கிலம், கண்ணுக்குத் தெரிவது தமிழ். முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு வாசிக்க முடியாத ஆங்கிலம் கிடக்கும். கண்ணை மூடிக்கொண்டு நூறு பக்கம் தட்டுவேன். இந்தக் கோப்பையும் பாமினியில்தான் தட்டினேன். அரைப்புள்ளி வருகிற இடங்களில் மட்டும் எழுத்தை ஆங்கிலத்துக்கு மாற்றி, அதைப் போட்டுவிட்டு, திரும்பப் பாமினிக்கு வந்தேன். எவ்வளவு கவனம் பாருங்கள். ஒரு மடையன் இவ்வளவு கவனமாக இருந்து நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள்.

வியாழன் முழுக்க இப்படிப் போனது. வெள்ளி மத்தியானமும் போனது. தலைவர் மறுபடி எடுத்தார். "உன்னட்டைக் குடுத்தது எங்கடை பிழை," என்றார். போனை வைத்துவிட்டு, முதலாவது நிரையில் அவருடைய பெயர் இருந்த இடத்தை அழித்து, "எருமைமாடு" என்று தட்டினேன். நெஞ்சு கொஞ்சம் ஆறியது. ஆறிய சூட்டோடு ஏற்றும் பொத்தானையும் அமத்தினேன்.

"வரி 2: எதிர்பார்த்த புலங்கள் 5. உள்ள புலங்கள் 7."

வரி இரண்டு! முதலாம் வரியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. மூன்று நாளாக ஒரு மனிதப் பெயரையும் ஏற்காத தளம் எருமைமாட்டை ஏற்றுக்கொண்டது.

"அதுக்குத் திட்டினால்தான் விளங்கும் போலை கிடக்கு," என்றார் அக்கா. "இன்னும் கொஞ்சம் திட்டு."

இரண்டாவது நிரையில் பெயரை எடுத்துவிட்டு "விசரன்" என்று போட்டேன்.

"வரி 2: எதிர்பார்த்த புலங்கள் 5. உள்ள புலங்கள் 6."

ஏழு ஆறாகியது. எருமைமாடு சரி, விசரன் பிழை. ஒன்றே ஒன்று கூடுதல். எருமைமாட்டில் இல்லாத எது விசரனில் இருக்கிறது? வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எ-ரு-மை-மா-டு. வி-ச-ர-ன். கடைசி எழுத்தின் தலையில் ஒரு புள்ளி. விசரனைப் பிடித்து முகமூடியைக் கழற்றினேன். உள்ளே இருந்தது இதுதான்:

tprud;

கடைசியில், ஒரு கூச்சமும் இல்லாமல், அரைப்புள்ளி நின்றது.

பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்குரிய விசை அரைப்புள்ளி விசைதான். என் வலது சுண்டுவிரல் இருபத்தைந்து வருடமாக அதை அமத்தி வருகிறது. ஆங்கிலத்துக்கு மாறி அமத்தியபோது அரைப்புள்ளி தெரிந்தது, பாமினிக்கு வந்து அதே விரலால் அதே விசையை அமத்தியபோது புள்ளி தெரிந்தது. கண்ணுக்கு இரண்டு. கணினிக்கு ஒன்று. அக்காவின் பெயரில் மூன்று புள்ளி. ஐந்தும் மூன்றும் எட்டு. தலைவரின் நீண்ட பெயரில் நாலு. ஒன்பது.

என்மேல் வந்த கோபத்தை எழுதினால் இந்தப் பக்கத்தில் அச்சடிக்க மாட்டார்கள். ஆனால் தளத்தின் மேல் வந்தது அதைவிடப் பெரிது. "வரி 1, பெயருக்குள் அரைப்புள்ளி இருக்கிறது, இந்த எழுத்துக்குப் பக்கத்தில்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் புதன்கிழமையே முடிந்திருக்கும். தமிழ்க் கமக்காரரிடம் தமிழ்ப் பெயர் கேட்கிற ஒரு தளம், யாழ்ப்பாணத்து அச்சகமும் அரசாங்கக் கந்தோரும் இன்னும் எந்த எழுத்தில் தட்டுகின்றன என்று ஒரு நாளாவது வந்து பார்த்திருக்க வேண்டாமா?

நாலு மணிக்குக் கதவு பூட்டு. மணி மூன்றேகால். யூனிகோட் என்கிற புதிய எழுத்து முறையில் முழுவதையும் தட்ட எனக்குப் பழக்கமும் இல்லை, நேரமும் இல்லை. பெயர்களில் இருந்த புள்ளிகள் அத்தனையையும் பிடுங்கத் தொடங்கினேன்.

"என்ரை பேர் மொட்டையாப் போச்சு," என்றார் அக்கா.

"அக்கா, உங்களுக்குக் கிழங்கு வேணுமோ, புள்ளி வேணுமோ?"

"கிழங்கு."

இரண்டாவது நிரையில் விசரனை எடுத்து, உரியவரைப் போட்டு, அங்கிருந்து கீழே கடைசி நிரையில் இருந்த அக்கா வரைக்கும் வந்தேன். முதலாவது நிரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதில்தான் பிழை இல்லை என்று கணினி சொல்லிவிட்டதே. நாலு மணிக்குச் சற்று முன் ஏற்றினேன். பச்சை எழுத்தில் வந்தது: "வெற்றி. வழுக்கள் இல்லை."

எல்லாப் பெயரும் சரியாக இருந்தபோது பிழை என்றது. எல்லாப் பெயரையும் நான் பிழையாக்கிக் கொடுத்ததும் வழு இல்லை என்றது. அன்று நான் அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்துச் சந்தோசப்பட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

அடுத்த கிழமை சங்கக் கட்டடத்துக்குக் கிழங்கு லொறி வந்தது. மூட்டைகளை இறக்கி அடுக்கியிருந்தார்கள். மேசையில் இருந்த உத்தியோகத்தர் தளத்திலிருந்து எடுத்த பட்டியலைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் முகமூடி கழன்ற ஆங்கில எழுத்துகள்.

"இது என்ன பாஷை ஐயா?"

"பாமினி சேர். எனக்கு அப்பிடியே வாசிக்கத் தெரியும்." எனக்குப் பெருமையும் வந்துவிட்டது. "நான் வாசிக்கிறன், நீங்கள் இலக்கத்தைப் பாருங்கோ."

உத்தியோகத்தர் போன வருடப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தலையாட்டினார். நான் குனிந்து முதலாவதைப் பார்த்தேன். என் வாய் மூளையைக் கேட்காமல் வாசித்தது.

"எருமைமாடு."

ஊரே நின்றது. பிறகு ஊரே சிரித்தது.

"ஆர் அது?" உத்தியோகத்தர் சிரிக்கவில்லை. அடையாள அட்டை இலக்கத்தைச் சத்தமாக வாசித்தார்.

தலைவர் என்னைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"ஓம். நான்தான்," என்றார். இலக்கம் போன வருடப் பட்டியலோடு பொருந்தியது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகும்போது என் காதுக்குக் கிட்டச் சொன்னதை நான் எழுத மாட்டேன். அதில் புள்ளிகள் அதிகம்.

மற்றவர்களும் அப்படியே. நான் மொட்டைப் பெயரை வாசிக்க, அவர் இலக்கத்தைப் பிடித்துப் போன வருடப் பட்டியலில் பெயரைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். கடைசியாக அக்கா.

"போன வருஷ லிஸ்டிலை இவ இல்லையே."

"இந்த வருஷம்தான் புதுசாச் செய்யிறா சேர். இதுதான் அவவின்ரை பேர்." வாசித்துக் காட்டினேன்.

"அதை நான் எப்பிடி நம்புறது? தலைவரையே எருமைமாடு எண்டு வாசிச்ச ஆள் நீங்கள்."

அக்கா தன் அடையாள அட்டையை மேசையில் வைத்தார். "சேர், இலக்கம் சரியோ?"

"இலக்கம் சரி அம்மா. பேரும் பொருந்த வேணும். திருத்தி அனுப்பச் சொல்லுங்கோ, அடுத்த லொறியிலை வரும்."

"உங்கடை மெசின் வெற்றி எண்டு சொன்னது!" என்று நான் கத்தினேன். "வழு இல்லை எண்டு சொன்னது!"

"அது வழுவைத்தான் பாக்கும் ஐயா. ஆளைப் பாக்காது."

மேசையில் ஓங்கி அடித்தேன். பேனை உருண்டு விழுந்தது. அவர் அதை எடுத்துச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு பட்டியலை மடித்தார். அக்கா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். றோட்டுக்கு வந்துதான் கையை விட்டார்.

"எருமைமாடு எண்டு எழுத உனக்கு நேரம் இருந்திருக்கு," என்றார். அவ்வளவுதான்.

திருத்திய பெயரை மறுநாளே அனுப்பினேன். புதிய எழுத்தில், ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டி, மூன்று புள்ளியோடும். அக்காவின் கிழங்கு மூன்று கிழமை பிந்தி வந்தது. அதற்குள் தலைவரின் தோட்டத்தில் செடி சாண் உயரம் வளர்ந்துவிட்டது. அக்காவின் மூட்டையில் கால்வாசி அழுகியிருந்தது. அதைப் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை மூன்று பரப்பில் நட்டார். நாலாவது பரப்பு அந்தப் போகம் சும்மா கிடந்தது.